சுக்கானைப் பொதிகைக்குக் கூட்டிப் போக மாட்டேன்

பொதிகைக் காட்டுக்குள் யாரும் தங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. கால்நடை பராமரிப்பு உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் சுக்கான் என்று ஒரு சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறேன். இந்த இரண்டு உரிமையிலும் இதைச் சொல்கிறேன். கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருகிற நாயைச் சாவடியில் திருப்பி அனுப்பினால் மட்டும் காடு பிழைத்துவிடாது. மலையடிவாரத்து ஊர்களில் இருக்கிற ஒவ்வொரு நாய்க்கும் அரசு செலவில் தடுப்பூசி போட்டாக வேண்டும். முதல் வேலையைக் காட்டிலாகாவினர் தங்களால் ஆனமட்டும் செய்கிறார்கள். இரண்டாவது வேலை முறையாக நடந்து நான் பார்த்ததில்லை.

இந்தப் பேச்சைக் கிளப்பியவன் என் அக்கா மகன். ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் வேலை. அங்கே ஒரு நாய் வளர்க்கிறான். சனி, ஞாயிறு வந்தால் நாயும் அவனும் ஐஃபல் மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஐஃபல் என்பது அணைந்துபோன எரிமலைகள் நிறைந்த காட்டு மலை. எரிமலை வெடித்த பள்ளங்களில் தண்ணீர் சேர்ந்து வட்ட வட்டமாக ஏரிகள் நிற்கின்றன. அவற்றில் பெரியது லாஹர் ஸே. சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன்னால் வெடித்த இடம். இன்றைக்கும் ஒரு கரையோரம் தண்ணீருக்கு அடியிலிருந்து கரியமில வாயு குமிழ் குமிழாகக் கிளம்பி வருவதைக் காணொளி எடுத்து அனுப்பினான். கரையில் மரியா லாஹ் என்று பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம், 1093-ல் தொடங்கியது. அக்காவுக்கு அந்த மடத்துப் படம் போதும். அதைத்தான் பெரிதாகப் பிரிண்ட் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறாள். எனக்கு வேண்டியது ஏரியைச் சுற்றிப் போகிற காட்டுப் பாதையும், அதில் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிற அவன் நாயும்.

"மாமா, அடுத்த லீவுக்கு வரும்போது நம்ம சுக்கானையும் கூட்டிக்கிட்டு பொதிகைக்குப் போவோமா?" என்று கேட்டான்.

"போவோம்டே. நீயும் நானும் போவோம். அவன் வேண்டாம்" என்றேன்.

அவன் விடவில்லை. அங்கே காட்டுக்குள் நாய் போகலாம், இங்கே மட்டும் ஏன் கூடாது என்பது நியாயமான கேள்விதான். அவனுக்குப் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மலையேற்றம் இப்போது பெருகிக்கொண்டு வருகிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் 23 பேர் இறந்த பிறகு மலைப் பாதைகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்துவிட்டது. நல்ல காரியம். வழிகாட்டியோடு, அனுமதிச் சீட்டோடு பிள்ளைகள் காட்டைப் பார்க்கட்டும். ஆனால் அதே சமயம் நாயோடு மலை ஏறுகிற வெளிநாட்டுக் காணொளிகளும் எல்லார் கைப்பேசிக்கும் வருகின்றன. ஆசை வருவது இயல்பு. எனக்கே வரும்.

முதலில் ஐஃபல் கதையை முடித்துவிடுகிறேன். அங்கே நாய் வளர்க்க உள்ளாட்சிக்கு வரி கட்ட வேண்டும். 2004-ல் அமைந்த ஐஃபல் தேசியப் பூங்காவுக்குள் நாயை வாரிலிருந்து அவிழ்க்கக் கூடாது, பாதையை விட்டு இறங்கக் கூடாது. நரிகளுக்கு இரைக்குள் தடுப்பு மருந்து வைத்துக் காடுகாடாகப் போட்டு, 2008-ல் அந்த நாடு நரி, நாய்வழி வெறிநோயே இல்லாத நாடு என்று அறிவித்துக்கொண்டது. நம் நிலைமை என்ன? உலகத்தில் வெறிநோயால் சாகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியாவில் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவன் நாய் நடக்கிற காட்டுக்குப் பின்னால் இத்தனை வருட வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்யாமல் நடையை மட்டும் இங்கே கொண்டுவர முடியாது.

எரிமலை நாடுகள் எல்லாமும் நாயை அனுமதிக்கின்றன என்றும் எண்ணிக்கொள்ள வேண்டாம். நியூசிலாந்தில் எரிமலைகள் நிற்கிற டோங்கரிரோ அந்த நாட்டின் முதல் தேசியப் பூங்கா. அதற்குள் வளர்ப்பு நாய் போகவே முடியாது. காரணம் கிவி. பறக்கத் தெரியாத, தரையில் நடமாடுகிற பறவை. 1987-ல் அந்த நாட்டின் வடக்கே வைதாங்கி காட்டில் ஒரே ஒரு நாய் அவிழ்ந்து திரிந்தது. சில வாரங்களுக்குள் அது 500 கிவிகள் வரை கொன்றிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கணித்தார்கள். ஒற்றை நாய். தின்பதற்காகக் கொல்லவில்லை. வாசனை இழுத்தது, பின்னால் போனது, கடித்தது. அவ்வளவுதான்.

இதை வாசிக்கும்போது எனக்கு ஆற்றுமுகத்துக் காலை நேரம் நினைவுக்கு வந்தது. எங்கள் புன்னைக்காயலில்தான் தாமிரபரணி கடலில் சேர்கிறது. முகத்துவாரத்தில் அலையாத்திக் காடு, அதை ஒட்டி உப்பளங்கள். வெயில் காலத்தில் உப்பளத்து வரப்பில் நெடுங்கால் உள்ளான் முட்டையிடும். கூடு என்று ஒன்றும் கிடையாது. மண்ணில் சிறு குழி, சுற்றிலும் நாலு காய்ந்த குச்சி, உள்ளே மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட நாலு முட்டை. கால் வைக்கிற தூரம் வரை போனாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. சுக்கானுக்கு முட்டை முக்கியமில்லை. தாய்ப்பறவை எழுந்து கத்திக்கொண்டு தத்தித் தத்திப் போகிறதே, அந்த அசைவு போதும். காது இரண்டும் பின்னால் படியும், முதுகு வில்லாக வளையும், அடுத்த நொடி சங்கிலி என் மணிக்கட்டை அறுக்கும். கத்தவோ குரைக்கவோ மாட்டான். சிப்பிப்பாறை கண்ணால் பார்த்து ஓடுகிற நாய். கரிசல்காட்டில் முயல் பிடிக்கத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம். ஓடத் தொடங்கிய பிறகு எசமான் கூப்பிட்டால் திரும்புகிற நாயை அந்த வேட்டைக்காரர்கள் வைத்துக்கொள்ளவில்லை. "என் நாய் கூப்பிட்டா வந்திரும் சார்" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வீட்டு முற்றத்தில் வரும், மிளா ஓடுகிற காட்டில் வருமா?

பொதிகை எரிமலை இல்லை. கருங்கல் மலை. எங்கள் ஆறு அங்கே பிறந்து, காரையாறு, பாபநாசம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, திருவைகுண்டம் என்று 125 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடி எங்கள் வாசலுக்கு வருகிறது. அந்த மலையில்தான் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் தமிழ்நாட்டில் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகம் அது. அதைச் சுற்றிய அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை யுனெஸ்கோ 2016-ல் தன் பட்டியலில் சேர்த்தது. புலி, சிறுத்தை, கரடி, யானை, சிங்கவால் குரங்கு, வரையாடு எல்லாம் இருக்கிற காடு. அதில் எனக்கு மிகவும் கவலை தருவது செந்நாய்.

செந்நாய் கூட்டமாக வாழ்கிற விலங்கு. கூட்டமாக வேட்டையாடும், கூட்டமாகக் குட்டி வளர்க்கும், ஒன்று தின்று வந்ததை இன்னொன்றின் குட்டிக்குக் கக்கி ஊட்டும். உலகம் முழுவதிலும் முதிர்ந்த செந்நாய்கள் 2,500-க்கும் குறைவாகத்தான் இருக்கும் என்று கணக்கிட்டு, அழிவை நோக்கிப் போகிற இனமாக வைத்திருக்கிறார்கள். நம் நாய்க்கு நெருங்கிய உறவு என்பதால் நம் நாய்க்கு வருகிற நோய்களில் பல அதற்கும் வரும். வெறிநோய், பார்வோ, டிஸ்டெம்பர். ஒன்றுக்கு வந்தால் ஒரே இரையில் வாய் வைக்கிற மொத்தக் கூட்டத்துக்கும் வரலாம்.

டிஸ்டெம்பர் என்றால் என்ன என்று நாய் வளர்க்கிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. எங்கள் தெருவில் ஒரு தாய் நாய் போட்ட குட்டிகளுக்கு அது வந்ததைச் சொல்கிறேன். முதலில் கண்ணில் பீளை. மூக்கில் பச்சைச் சளி. இரண்டொரு நாள் காய்ச்சல், பிறகு தேறினது போலத் தெரிந்தது; பால் குடித்தது, வாலாட்டியது. சின்னப் பையன்கள் பிழைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் நோய் மூளைக்குப் போனது. ஒரு குட்டிக்குத் தாடை தானாக வெட்டி வெட்டி மெல்லத் தொடங்கியது. வாயில் ஒன்றும் இல்லை, ஆனால் மென்றுகொண்டே இருந்தது. இன்னொன்றுக்குப் பின்னங்கால் ஒரே தாளத்தில் உதறியது, தூங்கும்போதும் நிற்கவில்லை. உள்ளங்காலும் மூக்கும் காய்ந்து தடித்துப்போயின. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்றார்கள் பெண்கள். வெறி பிடித்துவிட்டது, அடித்துப் போடு என்றார்கள் ஆண்கள். ஒரு குட்டி மிஞ்சியது. வளர்ந்த பிறகும் அதன் தலை ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. இந்த நோய்க்கு மருந்து கிடையாது. தடுப்பூசி மட்டும் உண்டு.

இதே கிருமி சிங்கத்தையும் புலியையும் விடாது. 1994-ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் சுமார் ஆயிரம் சிங்கங்கள், அதாவது அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு, இந்த நோய் பரவிய காலத்தில் மடிந்தன. நம் நாட்டில் கிர் காட்டில் 2018 செப்டம்பரில் 23 சிங்கங்கள் இறந்தபோது, அவற்றில் சிலவற்றில் டிஸ்டெம்பர் கிருமி இருந்ததைப் புனேயில் இருக்கிற தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் உறுதி செய்தது. அமெரிக்காவிலிருந்து அவசர அவசரமாகத் தடுப்பு மருந்து வரவழைத்தார்கள். ரஷ்யாவின் தூரக்கிழக்கில் 2003 நவம்பரில் ஒரு பெண் புலி மனிதரைக் கண்டு பயம் எதுவும் இல்லாமல் ஊருக்குள் நடந்து வந்தது. புலிக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் புரியவில்லை. சேமித்து வைத்த திசுவைப் பல வருடம் கழித்துப் பார்த்தபோதுதான் டிஸ்டெம்பர் என்று தெரிந்தது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும், வரவும் வேண்டும். ரஷ்யாவில் பின்னால் நடந்த ஆய்வில், நாயைவிடக் காட்டிலேயே இருக்கிற சின்னச் சின்ன ஊனுண்ணிகள்தான் கிருமியைச் சுமந்து திரிந்தன என்று தெரியவந்தது. அப்படியானால் எல்லாப் பழியையும் நாய் மேல் போடலாமா? போடக் கூடாது. ஆனால் நாய் என்பது நம் கையில் இருக்கிற ஒரே பிராணி. காட்டுக்குள் இருக்கிற மரநாயையும் நரியையும் பிடித்து ஊசி போட யாராலும் முடியாது. வீட்டு வாசலில் படுத்திருக்கிற நாய்க்குப் போடலாம்.

முடியும் என்று காட்டிய இடம் ஒன்று உண்டு. அதுவும் எரிமலைக் காட்டு மலைதான். எத்தியோப்பியாவின் பாலே மலைத்தொடர். எரிமலைக் குழம்பு உறைந்து உயர்ந்த மேட்டுநிலம், அதன் தெற்குச் சரிவில் அடர்ந்த ஹரென்னா காடு. 2023-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்த மலையின் உச்சிப் புல்வெளிகளில் எத்தியோப்பிய ஓநாய் வாழ்கிறது. செம்பழுப்பு நிறம், நீண்ட கால், எலி பிடித்துத் தின்னும். உலகில் சில நூறுதான் மிச்சம். ஆடு மாடு மேய்க்கிறவர்கள் மலை ஏறும்போது அவர்களோடு நாயும் ஏறும். 2003-ல் அந்த நாய்கள் வழியாக வெறிநோய் போய்ச் சேர்ந்தது. ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் இருந்த ஓநாய்களில் நான்கில் மூன்று பங்கு செத்துப்போயின. டிஸ்டெம்பரும் வந்தது, ஒரு தடவையோடு நிற்கவில்லை. அங்கே வேலை செய்கிற எத்தியோப்பிய ஓநாய் பாதுகாப்புத் திட்டத்தினர் மேய்ச்சல்காரர்களிடம் நாயை விட்டுவிடு என்று சொல்லவில்லை. சிறுத்தையிடமிருந்தும் கழுதைப்புலியிடமிருந்தும் ஆட்டைக் காக்க அவர்களுக்கு நாய் வேண்டும். குடிசை குடிசையாகப் போய் நாய்க்கு ஊசி போட்டார்கள். வருடா வருடம் போடுகிறார்கள். ஓநாய் இன்றும் அந்த மலையில் இருக்கிறது.

அந்த மேய்ச்சல்காரர்களைப் பற்றி வாசித்தால் எனக்கு முண்டந்துறைக் காட்டுக்குள் குடியிருக்கிற காணிக்காரர்கள்தான் கண்ணில் நிற்கிறார்கள். புலிகள் காப்பகம் என்ற பெயர் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே அங்கே இருக்கிறவர்கள். இரவில் கரடி வந்தாலும் யானை வந்தாலும் அவர்களை எழுப்பிவிடுகிறது வீட்டு நாய்தான். அந்த நாயை எடுத்துவிடு என்று யாராவது சொன்னால் நான் காணிக்காரர் பக்கம் நிற்பேன். பொழுதுபோக்குக்காக வருகிற என் நாயும் உயிர் காக்க நிற்கிற அவர்கள் நாயும் ஒன்றில்லை. என் நாய் வீட்டில் இருக்க வேண்டும். அவர்கள் நாய்க்கு அரசாங்கம் வாசலில் வந்து ஊசி போட வேண்டும்.

வேலையில் இருந்தபோது சில வருடம் அம்பாசமுத்திரம் பக்கம் மலையடிவாரத்தில் இருந்தேன். காலையில் மருந்தகம் திறப்பதற்குள் யாராவது வந்து நிற்பார்கள். "நாயைத் தூக்கிட்டுப் போயிட்டு சார்" என்பார்கள். எது தூக்கிற்று என்று கேட்க வேண்டியதில்லை. ஒருவர் அறுந்த சங்கிலியை மட்டும் கையில் சுற்றிக்கொண்டு வந்தார், அதை என்னிடம் காட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும். 2024 மே மாதத்தில் பாபநாசம் பக்கம் வேம்பையாபுரம், அனவன்குடியிருப்பு ஊர்களில் கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தது பத்திரிகையில் வந்தது. மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் ஓர் ஆய்வு நடந்தது. அங்கே சிறுத்தை தின்ற இரையின் எடையில் 39 விழுக்காடு நாய். நாய் சிறுத்தைக்குப் பிடித்த இரை. டிஸ்டெம்பர் வந்து தள்ளாடுகிற நாய் ஓடாது, எளிதாக மாட்டும். அதைத் தின்ற சிறுத்தை திரும்பக் காட்டுக்குள் போகும். அடிவாரத்துத் தெருவில் போடாத ஊசி காட்டுக்குள் போய்ச் சேருகிற வழி இது.

காட்டுப் பாதையில் நாயோடு போகிறவருக்கும் இதில் ஆபத்து உண்டு. நாய் முன்னால் ஓடி எதையாவது மோப்பம் பிடிக்கும், குரைக்கும். கரடியோ யானையோ திரும்பினால் நாய் வேறெங்கும் போகாது, எசமானின் காலடிக்கு ஓடி வரும். துரத்துகிறதும் பின்னாலேயே வரும். இதை எழுதுவதற்குக் காட்டிலாகாவில் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை, நாயின் குணம் தெரிந்தால் போதும்.

ஒரு தடவை பாபநாசம் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் வெளியூர்க் கார், பின்சீட்டில் லாப்ரடார். வனக்காப்பாளர் இளம் பையன், பிளாஸ்டிக் பையும் மது பாட்டிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தவர் நாயைப் பார்த்ததும் நின்றார்.

"நாய் உள்ள போவக் கூடாது சார்."

"வண்டியை விட்டு இறக்க மாட்டோம்ப்பா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க. அருவிப் பக்கம் போனதும் முதல்ல இறங்குறது நாய்தான்."

அவர்கள் கோபப்பட்டார்கள். காரில் இருந்த சின்னப் பெண் அழுதது. அந்தப் பையன் குரலை உயர்த்தவில்லை, விட்டும் கொடுக்கவில்லை. அவருக்கு நான் அன்றைக்குச் சொல்லாத நன்றியை இங்கே எழுதுகிறேன். ஆனால் அந்தக் குடும்பத்தின் நிலைமையும் யோசிக்க வேண்டியதுதான். அத்தனை தூரம் வந்தவர்கள் நாயை எங்கே விடுவார்கள்? கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் காரில் அடைத்தால் நாய் செத்துப்போகும். சாவடியில் சொல்கிற விஷயத்தை அனுமதிச் சீட்டு எடுக்கும்போதே, விடுதி அறை எடுக்கும்போதே பெரிய எழுத்தில் சொல்லிவிட்டால் நாய் வீட்டிலேயே தங்கியிருக்கும்.

நாயைக் காட்டின் எதிரி என்று நினைக்கவும் வேண்டாம். அதே நியூசிலாந்தில் 1890-களில் ரிச்சர்ட் ஹென்றி என்பவர் அழிந்துகொண்டிருந்த காகாப்போ கிளிகளையும் கிவிகளையும் பாதுகாப்பான தீவுக்கு மாற்றினார். பறவைகளைக் கண்டுபிடித்தது அவருடைய நாய், வாயில் மூடி போட்ட நாய். நம் நாட்டிலும் 2008 முதல் காட்டு விலங்குக் கடத்தலைப் பிடிக்க மோப்ப நாய்கள் வேலை செய்கின்றன. புலித் தோலையும் எலும்பையும் மோப்பத்திலேயே கண்டுபிடிக்கின்றன. அவை பயிற்சி பெற்றவை, எல்லா ஊசியும் போட்டவை, ஒரு நொடியும் ஆள் கையை விட்டுப் போகாதவை.

இனி ஊசி விஷயம். வெறிநோய்க்கு முகாம் நடக்கிறது, இலவசமாகவே போடுகிறார்கள். டிஸ்டெம்பரும் பார்வோவும் சேர்ந்த ஊசியை, 'நைன் இன் ஒன்' என்று சொல்வார்களே அதை, பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. கூலி வேலை பார்க்கிறவருக்கு ஒரு நாய்க்கே ஒரு நாள் சம்பளம் போகும். குட்டிக்கு ஒரு தடவை போட்டால் பற்றாது, மூன்று நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும், பிறகும் தொடர வேண்டும். மருந்து கண்ணாடிக் குப்பியின் அடியில் உலர்ந்த வில்லையாக ஒட்டியிருக்கும். நீர் மருந்தைச் செலுத்திக் குலுக்கினால் கண் மூடித் திறப்பதற்குள் கரைந்துவிடும். உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தது என்பதால் 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் வைத்திருந்து, கலந்த உடனே போட்டாக வேண்டும். பஸ்ஸில் மூன்று மணி நேரம் வெயிலில் வந்த மருந்தைப் போட்டுவிட்டு, போட்டாயிற்று என்று நோட்டில் எழுதுவதில் பிரயோசனம் இல்லை. ஐஸ் பெட்டியோடு போகிற வண்டியும், ஆளும், திட்டமும் வேண்டும். மீனை ஐஸில் வைத்துக் கேரளாவுக்கு அனுப்புகிற மாவட்டம் நம்முடையது. மருந்தை ஐஸில் வைத்துச் சேர்வலாறுக்குக் கொண்டுபோக முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

சட்டத்தில் இதற்கு ஏற்கெனவே ஒரு கதவு இருக்கிறது, ஆனால் நாய்க்கு அது திறக்கவில்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 33-ஏ பிரிவு, சரணாலயத்துக்குள்ளும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள்ளும் வளர்கிற கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்வது தலைமை வன உயிரினக் காப்பாளரின் பொறுப்பு என்கிறது. அதே சட்டம் கால்நடை என்றால் எவை என்று பட்டியலும் போடுகிறது. எருமை, காளை, ஒட்டகம், பசு, கழுதை, ஆடு, குதிரை, பன்றி, வாத்து, கோழி என்று போகிற அந்தப் பட்டியலில் நாயின் பெயர் இல்லை. அடிவாரத்தில் பசுவுக்குக் கோமாரி ஊசி போட வருகிற அதே வண்டி, அதே வாசலில் படுத்திருக்கிற நாயைத் தாண்டித்தான் போகிறது. சிறுத்தை பசுவை விட்டுவிட்டு நாயைத்தான் முதலில் தூக்குகிறது.

நாயோடு நடக்க ஆசைப்படுகிறவர்கள் நடக்கத்தான் வேண்டும். அது நாய்க்கும் நல்லது, நமக்கும் நல்லது. நானும் சுக்கானும் ஆத்தூர்ப் பக்கம் ஆற்றங்கரைச் சாலையில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே நடப்போம், கையில் சங்கிலியோடு. தேரிப் பக்கம் சாலையோரம் நடப்போம், மணலுக்குள் இறங்க விடமாட்டேன், அங்கே முயல் உண்டு. தை முதல் பங்குனி வரை இரவில் கடற்கரைக்கு அவனைக் கொண்டுபோவதில்லை. பங்குனி ஆமை கரையேறி மணலில் முட்டையிடுகிற காலம் அது. நாய் மோப்பம் பிடித்துத் தோண்டினால் ஒரு கூட்டில் நூறு முட்டை வரை போய்விடும். சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் 1988 முதல் இரவெல்லாம் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்துக்கு மாற்றுவதற்கு நாயும் ஒரு காரணம். உள்ளான் முட்டையிடும் மாதங்களில் உப்பளத்து வரப்புக்கும் போவதில்லை. இத்தனை இடத்தை விட்டுக்கொடுத்த பிறகும் நடக்க எங்களுக்கு ஊர் பெரிதாகவே இருக்கிறது.

வனத்துறைக்கும் கால்நடை பராமரிப்புத் துறைக்கும் என் வேண்டுகோள் இது. களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் இருக்கிற எல்லா ஊர்களிலும், உள்ளே இருக்கிற காணிக் குடியிருப்புகளிலும், வெறிநோய் ஊசியோடு டிஸ்டெம்பர், பார்வோ ஊசியையும் இலவசமாகப் போடுங்கள். வருடா வருடம் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குக் கூட்டம் கிளம்புவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். சட்டத்திலிருக்கிற பட்டியலில் நாயையும் சேர்க்கும்படி மத்திய அரசுக்கு எழுதுங்கள். ஓய்வு பெற்ற என்னைப் போன்ற உதவியாளர்கள் இந்த மாவட்டங்களில் நிறையப் பேர் இருக்கிறோம். கூப்பிட்டால் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரத் தயாராக இருக்கிறோம்.